டாக்டரிடம் கேளுங்கள்: ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள், நான் எந்தப் பிரசவத்துக்குத் தயாராவது?

கேள்வி: எனக்கு 27 வயது. பிறந்த வீடு கோபிசெட்டிபாளையம், கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறேன். தலைப்பிரசவம். 33 வாரம் முடிந்திருக்கிறது. குழந்தையின் தலை கீழே இருக்கிறது, சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை என்கிறார் டாக்டர். ஆனாலும் எனக்குத் தூக்கமே வருவதில்லை. என் நாத்தனார் 16 மணி நேரம் வலியில் கிடந்து கடைசியில் சிசேரியன் ஆனது. "ரெண்டு கஷ்டமும் பட்டாச்சு, நீ முதல்லயே ஆபரேஷன்னு சொல்லிடு" என்கிறார். அம்மாவுக்கு மூன்றும் சுகப்பிரசவம். "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி" என்கிறார். ஆபீஸ் தோழிகள் எல்லோருக்குமே சிசேரியன், எல்லோரும் ஒரே ஆஸ்பத்திரி. அடுத்த மாதம் பிரசவமாகப் போகிற பெண்கள் 200 பேர் இருக்கும் வாட்ஸ்ஆப் குரூப்பில் நானும் இருக்கிறேன். கொடி சுத்தியிருக்கு, தண்ணி குறைஞ்சிடுச்சு என்று தினமும் ஒரு கதை. ஊசி மருந்து இல்லாமல் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரு அக்கா வீடியோ அனுப்பிக்கொண்டே இருக்கிறார். மாமியார் ஜோசியரிடம் நாள் கேட்டு வைத்திருக்கிறார். அந்த நாள் 37-வது வாரத்தில் வருகிறது. நானே சிசேரியன் கேட்டுவிடலாமா? குரூப்பை விட்டு வெளியே வந்துவிடலாமா? மாமியாருக்கு என்ன பதில் சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் இருக்கும் மருத்துவ விவரங்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன். 27 வயது, தலைப்பிரசவம், ஒற்றைக் குழந்தை, தலை கீழே, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லை. இன்றைய தேதியில் உங்களுக்கு ஆபரேஷன் வேண்டும் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. அப்படி ஒரு காரணம் இனி வரவே வராது என்று என்னாலோ உங்கள் டாக்டராலோ வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் வலி தானாக வரும்வரை காத்திருந்து பெற்றுக்கொள்ள, இந்த விவரங்களோடு வரும் பெண்ணுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

நாத்தனார், அம்மா, வாட்ஸ்ஆப் அக்கா என்று ஒவ்வொருவர் சொன்னதையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "எல்லோருக்குமே சிசேரியன், எல்லோரும் ஒரே ஆஸ்பத்திரி." சுற்றியிருப்பவர்கள் நம் பிரசவத்தை அதிகமாகத் தீர்மானிப்பது அந்த இடத்தில்தான். நார்மலா சிசேரியனா என்று யார் பேச ஆரம்பித்தாலும் நாம் உஷாராகிவிடுகிறோம், எதிர்த்துப் பேசுகிறோம், கூகுளில் தேடுகிறோம். "அந்த மேடம் கைராசி, நல்லா பாப்பாங்க" என்று தோழி ஒருத்தி சொன்னாலோ மறுவார்த்தை இல்லாமல் போய் ஃபைல் போட்டுவிடுகிறோம். எந்த வாசலில் நுழைகிறோம் என்பதிலேயே, எந்தப் பிரசவம் என்பதும் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது.

இது என் ஊகம் இல்லை. 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8 சதவீதம். இந்தியா முழுமைக்குமான சராசரி அதே கணக்கெடுப்பில் 21.5. தமிழ்நாட்டுக்கே 2005-06-இல் 20.3 ஆக இருந்தது, 2015-16-இல் 34.1 ஆனது. பதினைந்து வருடத்தில் நம் பெண்களின் இடுப்பெலும்பு சுருங்கிவிடவில்லை. கல்யாண வயது கூடியிருக்கிறது, சர்க்கரையும் எடையும் கூடியிருக்கின்றன, ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள் இரண்டாவதுக்கு வருகிறார்கள், இவையெல்லாம் உண்மை. ஆனால் சிக்கலான கேஸ்கள் பலவும் கடைசியில் போய்ச் சேருவது அரசு மருத்துவமனைக்குத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாலுகாவுக்கும், அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் ஆம்புலன்ஸில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரியிலிருந்தும் நிலைமை மோசமானால் அங்கேதான் அனுப்புகிறார்கள். அத்தனையையும் வாங்கிக்கொண்ட பிறகும் அங்கே 36, இங்கே 63.8. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு மக்கள்தொகையில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிக் கூடக் கூட, அதனால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை.

தனியாரில் ஏன் அதிகம்? பணமும் ஒரு காரணம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் அதைவிட ஆழமான காரணம், ஒரு சின்ன நர்சிங் ஹோம் நடக்கும் விதத்தில் இருக்கிறது. அங்கே டாக்டர் ஒருவர்தான். காலையில் ஓ.பி., மதியம் ஸ்கேன், மாலையில் மறுபடி ஓ.பி. மயக்க டாக்டர் வெளியிலிருந்து வர வேண்டும், குழந்தை டாக்டரும் அப்படியே. தலைப்பிரசவத்துக்கு வலி எடுத்த ஒரு பெண்ணின் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, அரை மணிக்கொரு தரம் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க அங்கே ஆள் போதாது. விடியற்காலை மூன்று மணிக்கு அவசர ஆபரேஷன் தேவைப்பட்டு மயக்க டாக்டர் போனை எடுக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்ற பயம் அந்த டாக்டருக்கு உண்மையாகவே இருக்கிறது. எல்லோரும் கையருகே இருக்கும் காலை பத்து மணிக்கே முடித்துவிடலாம் என்று அவர் நினைப்பது அதனால்தான். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த முடிவுக்கும் உங்கள் உடம்புக்கும் சம்பந்தம் குறைவு.

தோழிகளிடம் "அந்த ஆஸ்பத்திரி எப்படி?" என்று கேட்டால் ரூம் சுத்தமாக இருக்கும், சிஸ்டர்கள் அன்பாகப் பேசுவார்கள், கார் நிறுத்த இடம் உண்டு என்றுதான் பதில் வரும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு, அதை ஆஸ்பத்திரியிடமே கேட்க வேண்டும். "என்னைப் போல முதல் குழந்தை, ஒற்றைக் குழந்தை, தலை கீழே, மாதம் நிறைந்து, வலி தானாக வந்தது. அப்படி வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இங்கே சிசேரியன் ஆகிறது?" மகப்பேறு மருத்துவத்தில் பெண்களைப் பத்துப் பிரிவாகப் பிரித்து இதைக் கணக்கு வைப்பதற்கு ராப்சன் வகைப்பாடு என்றே ஒரு முறை இருக்கிறது, நீங்கள் அதில் முதல் பிரிவு. கணக்கு வைத்திருக்கும் இடத்தில் சட்டென்று சொல்வார்கள். ராத்திரியில் டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே இருப்பாரா, மயக்க டாக்டர் வர எவ்வளவு நேரம் ஆகும், ரத்தம் எங்கிருந்து வரும், வலி நேரத்தில் நடக்க விடுவார்களா, துணைக்கு ஒருவர் கூட இருக்கலாமா என்பதையும் கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொரு விஷயமும் நம் பக்கத்தில் நடக்கும். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டுப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். முதல் பிரசவச் செலவு பெண் வீட்டுடையது. அதனால் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பதும் கௌரவப் பிரச்சினை ஆகிவிடுகிறது. "சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்க வருவாங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில எப்படிப் படுக்க வைக்கிறது?" என்று கடன் வாங்கிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அப்பாக்களை நான் நிறையப் பார்க்கிறேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல லேபர் வார்டும், ராத்திரி பகல் டூட்டி டாக்டரும், ரத்த வங்கியும் உள்ள அரசு மருத்துவமனை இருக்கும். அதைப் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள். உங்களுக்கும் கோபியா திருப்பூரா என்ற கேள்வி வரப்போகிறது. அதை 34-வது வாரத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள். 38-வது வாரத்தில் முன்பின் பார்த்திராத டாக்டரிடம் போய் நின்றால், உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாத அவர் துணிந்து காத்திருக்க மாட்டார். எங்கே போனாலும் ஆரம்பத்திலிருந்து எடுத்த ஸ்கேன்கள், ரத்தப் பரிசோதனைகள், பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது கொடுத்த எண்) எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

இப்போது நாத்தனார் கதைக்கு வருகிறேன். அவர் பட்டது நிஜம், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கதையில் உங்களுக்கு வேண்டிய விவரம் எதுவும் இல்லை. 16 மணி நேரம் எதிலிருந்து எண்ணியது? வீட்டில் முதல் சுருக்கென்ற வலியிலிருந்தா, ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்தா? வலி தானாக வந்ததா, வலி வர ஊசி போட்டார்களா? எத்தனையாவது வாரம்? ஆபரேஷனுக்குள் கொண்டுபோகும்போது கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருந்தது? குழந்தையின் துடிப்பு குறைந்ததா, தலை இறங்கவில்லையா, இல்லை எல்லோருக்கும் பொறுமை போய்விட்டதா? டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பாதிக்கு அதிலேயே பதில் இருக்கும். தலைப்பிரசவத்தில் 5 சென்டிமீட்டர் திறக்கும்வரையான ஆரம்பக் கட்டம் மணிக்கணக்கில் இழுக்கலாம். ஒருவருக்கு ஐந்து மணி நேரம், இன்னொருவருக்கு ஒரு நாள். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் 5 சென்டிமீட்டருக்குப் பிறகுதான் தீவிர வலி தொடங்குவதாகக் கணக்கிடச் சொல்கிறது. அங்கிருந்து முழுதாகத் திறக்கத் தலைப்பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை எல்லாப் பெண்கள் மேலும் திணிக்காதீர்கள் என்றும் சொல்கிறது.

வலி வர ஊசியைப் பற்றியும் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கர்ப்பப்பை வாய் இன்னும் கெட்டியாக, மூடியிருக்கும் நேரத்தில், தகுந்த காரணம் இல்லாமல் "நாளைக்கு அட்மிட் ஆயிடுங்க" என்று மருந்து வைத்து வலியைக் கிளப்பினால், அந்த வலி நீளும். நீண்டால் ஆபரேஷனில் போய் முடியும். வெளியே வந்து சொல்லும் கதையில் மட்டும் "வலியும் பட்டேன், அறுக்கவும் அறுத்தாங்க" என்பதே மிஞ்சும். நாத்தனாருக்கு அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படி இருந்திருந்தால் அந்தக் கதை உங்களுக்குச் சொல்லும் பாடம் வேறு: முதலிலேயே ஆபரேஷன் கேட்பது இல்லை, காரணமில்லாமல் வலி வரவழைக்க ஒப்புக்கொள்ளாமல் இருப்பது.

லேபர் வார்டு வாசலில் என்ன நடக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே ஒரு பெண் 4 சென்டிமீட்டரில் இருக்கிறாள், குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, அவளும் மூச்சு விட்டுச் சமாளிக்கிறாள். வெளியே எட்டுப் பேர். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் சிஸ்டரைப் பிடித்து, "இன்னும் எவ்வளவு நேரம்மா? புள்ளைக்கு ஏதாவது ஆயிடப் போகுது, ஆபரேஷன் பண்ணிடுங்க, எங்க கையெழுத்துப் போடணும்?" என்கிறார்கள். பெரியம்மா ஒருத்தி போனில் யாருக்கோ அழுதுகொண்டே நிலவரம் சொல்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து, "எங்க மருமகளுக்கு லேட் பண்ணித்தான் புள்ள தண்ணி குடிச்சிருச்சு" என்று ஒரு குரல். ஏதாவது தப்பாகப் போனால் இந்த எட்டுப் பேரும் எண்பது பேராகி ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பார்கள் என்று டாக்டருக்குத் தெரியும். காத்திருந்து ஒன்று ஆகிவிட்டால் "ஏன் காத்திருந்தாய்?" என்று கேட்பவர்கள் உண்டு, அறுத்த பிறகு "ஏன் அறுத்தாய்?" என்று கேட்பவர்கள் யாரும் இல்லை. தமிழ்நாட்டில் பல சிசேரியன்கள் அந்த வாசலில்தான் முடிவாகின்றன. அதனால் உங்கள் வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்: ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர், மிஞ்சிப்போனால் மூன்று பேர் வந்தால் போதும். டாக்டரிடம் பேசுகிறவர் உங்கள் கணவர் ஒருவர் மட்டும்.

அம்மாவின் முதுகுவலிப் பயத்துக்குச் சுருக்கமாகப் பதில். சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி மிக மெல்லியது. போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், சிலருக்குத் தலைவலி வந்து போகும். ஆயுளுக்கும் முதுகுவலி அந்த ஊசியால் வருவதில்லை; குனிந்தபடி பால் கொடுப்பது, குழந்தையைத் தூக்கிச் சுமப்பது, கர்ப்பத்தில் தளர்ந்த வயிற்றுத் தசைகள், இவற்றால் வருகிறது. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் அதே வலி உண்டு.

"நானே கேட்டு வாங்கிக்கொள்ளலாமா?" என்ற உங்கள் கேள்வி நியாயமானது. கேட்கலாம், அதற்காக உங்களை யாரும் திட்டக் கூடாது. ஆனால் ஆபீஸ் தோழிகள் சொல்லாததையும் தெரிந்துகொண்டு கேளுங்கள். பத்து மணிக்கு உள்ளே போனேன், பத்தரைக்குக் குழந்தை கையில் என்பது வரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் அது வயிற்றைத் திறக்கும் பெரிய ஆபரேஷன். ரத்தப் போக்கு, தொற்று, காலில் ரத்தக்கட்டு ஆகியவற்றின் அபாயம் கூடுதல். அதைவிட முக்கியமானது அடுத்த கர்ப்பம். உங்கள் தோழிகளில் பலருக்கு ஒரு குழந்தைதான் இருக்கும், அதனால் அவர்கள் கதை பாதியில் நிற்கிறது. கர்ப்பப்பையில் தழும்பு இருந்தால் அடுத்த முறை நஞ்சு (பிளசென்டா) கீழே இறங்கி ஒட்டவோ, தழும்புக்குள்ளேயே ஊடுருவி வளரவோ வாய்ப்பு கூடுகிறது, ஒவ்வொரு சிசேரியனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. அப்படி ஊடுருவினால் கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம். மறுபக்கத்தையும் சொல்கிறேன்: சுகப்பிரசவத்தில் கிழிசல், தையல் உண்டு, சில பெண்களுக்கு இருமினால் தும்மினால் சிறுநீர் கசியும் தொல்லை பின்னால் வருகிறது. இது சிசேரியனில் குறைவு. இரண்டையும் எடைபோட்ட பிறகும், வலியைத் தாங்க முடியாது என்ற பயம் மட்டுமே உங்களை ஆபரேஷன் பக்கம் தள்ளுகிறது என்றால், முதலில் எபிடியூரல் (முதுகில் மெல்லிய குழாய் வைத்து வலி குறைக்கும் மருந்து கொடுப்பது) வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வலியை வெகுவாகக் குறைத்துக்கொண்டு சுகப்பிரசவம் ஆக வழி இருக்கும்போது, வலிக்குப் பயந்து வயிற்றைத் திறக்க வேண்டாம்.

வாட்ஸ்ஆப் குரூப். விட்டு வெளியேற வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்செரிச்சலில் விழித்துக் கிடக்கும்போது அதே நிலையில் இன்னொருத்தி பேசக் கிடைப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அதில் வருவதை எப்படிப் படிப்பது என்று தெரிய வேண்டும். மாதம் நிறைந்த குழந்தைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். உங்கள் 200 பேர் குரூப்பில் அதுவே 50 பேர். ஐம்பது பேரும் பயந்துபோய் எழுதினால் ஊர் முழுக்கக் கொடி சுற்றுவது போலத்தான் தெரியும். வயிற்றுக்குள் குழந்தை மூக்கால் மூச்சு விடுவதில்லை. பிராணவாயு கொடி வழியாகத்தான் போகிறது. அதனால் கழுத்து இறுகி மூச்சு முட்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை. கொடி அழுந்தினால் இதயத் துடிப்பில் தெரியும். வலி நேரத்தில் நாங்கள் அடிக்கடி கேட்பது அதற்காகத்தான். பெரும்பாலும் தலை வெளியே வந்ததும் விரலால் கொடியை நெகிழ்த்தித் தலைக்கு மேலாக எடுத்துவிடுவோம். ஸ்கேனில் கொடி தெரிந்தது என்ற ஒன்றே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. தண்ணீர் கதையும் இப்படித்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஏ.எஃப்.ஐ. (பனிக்குட நீரின் அளவைக் காட்டும் எண்) 9 என்று போட்டிருந்தால் குரூப்பில் பத்துப் பேர் இளநீர் குடிக்கச் சொல்வார்கள். 5-க்குக் கீழே போனால்தான் நாங்கள் குறைவு என்கிறோம்.

அங்கே நல்லபடியாகப் பெற்றவள் குழந்தையின் பாதத்தைப் படம் எடுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறாள். கஷ்டப்பட்டவள் பக்கம் பக்கமாக எழுதுகிறாள், எழுதத்தான் செய்வாள், அவளுக்கு அது ஆறுதல். படிக்கிற உங்களுக்குக் கிடைப்பது அந்த நீண்ட கதைகள் மட்டும். குரூப்பை மியூட்டில் போடுங்கள், பகலில் மட்டும் பாருங்கள். உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டை அதில் போட்டு அபிப்பிராயம் கேட்காதீர்கள்.

வீட்டுப் பிரசவ வீடியோ அனுப்பும் அந்த அக்கா விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அவர் எண்ணை பிளாக் செய்யுங்கள். 2018-இல் உங்கள் திருப்பூரிலேயே, யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம்பெண் ரத்தப் போக்கில் இறந்துபோனார். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பகுதியில் ஒரு வீட்டுப் பிரசவம் போலீஸ் புகார் வரை போனபோது, அந்தத் தம்பதி இருந்த வாட்ஸ்ஆப் குழுவில் 1,000 பேருக்கு மேல் இருந்தது தெரிந்தது. அந்த வீடியோக்கள் குழந்தை அழும் இடத்தில் முடிந்துவிடுகின்றன. தாய்க்கு ஆபத்து பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான், நஞ்சு பிரியும் நேரத்தில். நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகிறது. குழந்தை வந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்கவில்லை என்றால் அத்தனையும் வெளியே கொட்டும். அதைத் தடுக்கத்தான் குழந்தை பிறந்த கையோடு எல்லாத் தாய்மார்களுக்கும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறோம். அந்த அக்கா வேண்டாம் என்று சொல்வது இந்த ஊசியைத்தான். உங்களைப் போல எல்லாம் நார்மலாக இருந்த பெண்களுக்கும் ரத்தப் போக்கு வருகிறது, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வீட்டிலிருந்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேரும் நேரத்தைக்கூட அது கொடுக்காமல் போகலாம்.

இத்தனை சொன்ன பிறகு உங்களுக்கு சிசேரியன் தேவைப்பட்டால்? அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். குழந்தையின் துடிப்பு இறங்கி ஏறாமல் நின்றுவிட்டால், முழுதாகத் திறந்தும் தலை இறங்காமல் சிக்கிக்கொண்டால், குழந்தை குறுக்கே திரும்பிவிட்டால், திடீரென்று ரத்தம் போனால், அந்த ஆபரேஷன் இரண்டு உயிரைக் காப்பாற்றுகிறது. அப்போது யோசிக்காமல் கையெழுத்துப் போடுங்கள். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு "அடடா, சுகப்பிரசவம் ஆகலையா? உங்கம்மாவுக்கு மூணும் சுகப்பிரசவமாச்சே" என்பார்கள். தையல் வலியோடு படுத்திருக்கும் பெண் இதைக் கேட்டு, தான் ஏதோ தோற்றுவிட்டதாக நினைத்து அழுவதை வார்டில் தினம் பார்க்கிறேன். உங்கள் அம்மாவிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள், யார் அப்படிக் கேட்டாலும் அவரே பதில் சொல்லட்டும்.

உங்களைச் சுற்றியிருப்பவர்களை எல்லாம் தள்ளி வைக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பிரசவ நேரத்தில் ஒருவர் விடாமல் பக்கத்தில் இருப்பது உண்மையிலேயே மருந்து போல வேலை செய்கிறது. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வறிக்கை 2017-இல் வந்தது. தொடர்ந்து துணை இருந்த பெண்களுக்கு வலி நேரம் கொஞ்சம் குறைந்தது, சிசேரியன் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. சிசேரியன் குறைந்தது முக்கியமாகப் பயிற்சி பெற்ற துணை இருந்த இடங்களில்தான். சொந்தக்காரர் இருந்தபோது அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் பெண்கள் தங்கள் பிரசவத்தை நல்ல அனுபவமாகச் சொன்னார்கள். வார்டில் நான் பார்ப்பதும் இதோடு ஒத்துப்போகிறது: பயந்த சொந்தக்காரர் உள்ளே இருந்தால் அவர் பயம் அந்தப் பெண்ணையும் தொற்றிக்கொள்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பெண் துணை ஒருவரை உள்ளே அனுமதிக்கும் வழக்கம் பல வருடமாக இருக்கிறது. தனியாரில் பல இடங்களில் கணவரையும் விடுகிறார்கள். யாரை வைத்துக்கொள்வது என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நாத்தனார் வேண்டாம், அவருடைய வலியே அவருக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் அம்மா நிதானமானவர் என்றால் அவர் வரட்டும். இடுப்பை நீவிவிட, தண்ணீர் கொடுக்க, நடக்கும்போது தோள் கொடுக்க, "இந்த வலி போச்சு, அடுத்தது வரட்டும்" என்று சொல்ல. அடுத்த செக்கப்புக்கு அவரையே கூட்டிப்போங்கள், லேபர் ரூமை ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டும்.

கடைசியாக மாமியாரும் ஜோசியரும். 37-வது வாரத்தில் வலி இல்லாமலே ஆபரேஷனில் எடுக்கும் குழந்தைக்கு, 39 வாரம் முடிந்து எடுக்கும் குழந்தையைவிட மூச்சுத் திணறல் அதிகம் வருகிறது. வலி வரும்போதுதான் நுரையீரலில் இருக்கும் நீர் வற்றித் தயாராகிறது. நல்ல நேரத்தில் பிறந்த பேரனையோ பேத்தியையோ முதல் மூன்று நாள் என்.ஐ.சி.யு. (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க உங்கள் மாமியார் விரும்ப மாட்டார். இதை நீங்கள் சொல்லாமல் உங்கள் கணவர் சொல்வது நல்லது, அதுவும் மரியாதையாக. நீங்கள் பேச நேர்ந்தால் இப்படிச் சொல்லுங்கள்: "அத்தை, டாக்டர் இப்ப வரைக்கும் ஆபரேஷன் வேணும்னு சொல்லலை. ஒருவேளை வேணும்னு சொன்னா, 39 வாரம் முடிஞ்சு அவங்க குடுக்கற நாலஞ்சு நாளுக்குள்ள நல்ல நேரம் பாத்துக் குடுங்க." அந்த 39 வாரம் முடியும் தேதியை டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி அவர் கையில் கொடுங்கள். வலி அதற்கு முன்னாலேயே தானாக வந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் என்று ஒரு மணி நேரம் விடாமல் இருந்தால் ராகுகாலம் பார்க்காமல் கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ அந்த ஒரு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.